தொடக்க வகுப்புகளில் சமூக அறிவியல்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

தொடக்கப் பள்ளிகளில் சமூக அறிவியலைக் கற்பிக்கும் முறைகள் குறித்து ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. வரைபடத்தில் திசைகளைச் சரியாகச் சொல்லும் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், வகுப்பறையில் வடக்கு எது என்று கேட்டால் கூரையைக் காட்டுகிறார்கள். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு உங்களுடையது அன்று அம்மா, சுவரில் அடித்த ஆணியினுடையது. வரைபடத்தை எப்போதும் மாட்டியே காட்டுவதால், மேல் விளிம்பில் இருக்கும் வடக்கு பிள்ளையின் மனத்தில் உயரமாகவே பதிந்துவிடுகிறது. அதைக் கழற்றித் தரையில் விரித்து, காலைச் சூரியன் இருக்கும் பக்கம் அதன் கிழக்கு விளிம்பு வரும்படி திருப்பிப் போட்டு, பிள்ளைகளைச் சுற்றிலும் உட்கார வையுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் உட்கார்ந்த பிள்ளை, தெற்கு தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத் தானே கண்டுகொள்ளும். மறுநாள் பள்ளி வளாகத்தையே வரையச் சொல்லுங்கள். வகுப்பறை வாசலிலிருந்து வேப்ப மரத்துக்கு ஒருத்தி 22 அடி எடுத்து வைத்தேன் என்பாள், இன்னொருவன் 27 என்பான். யார் சொல்வது சரி என்று அவர்கள் சண்டையிடும் அந்த நேரத்தில்தான் அளவுகோல் என்ற கருத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அதற்கு முன்பே விளக்கினால் அது மனப்பாடச் சொல்லாகத்தான் நிற்கும்.

கேள்வி: பெயர் எழுதிய ஓலைகளைப் பானையில் இட்டு எடுத்து ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த சோழர் காலக் குடவோலை முறையை நாடகமாக நடத்தினேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், ஆனால் மறுவாரம் கேட்டபோது பானை மட்டுமே நினைவில் இருந்தது.

பதில்: வசனத்தைக் கொடுத்தால் பானைதான் நிற்கும், விதியைக் கொடுத்துப் பாருங்கள். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் அந்த விதிகள் இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவரின் பெயர் ஓலையில் ஏற, அவர் வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி அற்றவர்கள். இவற்றைப் பிள்ளைகளுக்குப் புரியும் நடையில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் அட்டையைக் கொடுங்கள்: கணக்குக் காட்டாதவரின் மகன், நிலமில்லாத உழவர், 72 வயதுப் பெரியவர், ஒரு வீட்டுத் தலைவி. யாருடைய பெயர் ஓலையில் ஏறும் என்பதைக் குழுக்களே முடிவு செய்யட்டும். ஓலைகள் பானைக்குள் விழும்போது வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்பார்கள். ‘என்னை ஏன் சேர்க்கவில்லை?’ என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும். அக்காலத்திலேயே முழு மக்களாட்சி இருந்தது என்று பெருமை பேசிப் பாடத்தை முடிப்பது எனக்கு உடன்பாடில்லை; அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. இன்றைய கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் உறுப்பினர்கள் என்பதை அதன் அருகில் வைத்துக் காட்டி, கடைசியாக நடந்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘யாரும் போகவில்லை’ என்ற பதில்தான் வரும். அடுத்த பாடவேளைக்கு அதுவே போதும்.

கேள்வி: ஆயிரம் ஆண்டு என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரிவதில்லையே?

பதில்: ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து சென்டிமீட்டர். அறுபது வயதுப் பாட்டிக்கு அறுபது. நாடு விடுதலை பெற்ற 1947, முக்கால் மீட்டருக்குச் சற்றுத் தள்ளி வரும். உத்திரமேரூர் கல்வெட்டுக்கு ஏறத்தாழ பதினொரு மீட்டர் கயிறு வேண்டும். அதைப் பிடித்திருக்கும் பிள்ளை வாசலைத் தாண்டி வெளியே போய் நிற்க நேரும்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் ஒரே அறையில் இருக்கின்றன. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

பதில்: மூன்று பாடங்களைத் தனித்தனியாக நடத்த முயன்றால் நேரம் கிடைக்காதுதான். ஒரே பொருளை மூன்று ஆழங்களில் கொடுத்துப் பாருங்கள். ஊர்க் கண்மாய் என்று எடுத்துக்கொண்டால், மூன்றாம் வகுப்பு அதை வரையட்டும். நான்காம் வகுப்பு, மடை திறப்பவர் யார், தண்ணீர் எந்த வரிசையில் வயலுக்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஐந்தாம் வகுப்பு இரண்டையும் சேர்த்து, தண்ணீர் யாருக்கு முதலில் கிடைக்கிறது, அது நியாயமா என்று விவாதிக்கட்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலும், ஒரே அறையில் வெவ்வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்ததுதான். அதன் பழைய அட்டைகள் உங்கள் பள்ளி அலமாரியில் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். சில இன்றைக்கும் பயன்படும்.

கேள்வி: வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) தலைவர்களின் படங்களை ஒட்டிய சார்ட் வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். அதில் பிள்ளை கற்பது பசை தடவுவது மட்டுமே, செலவு பெற்றோருக்கு. தன் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து அரைப் பக்கம் எழுதி வரட்டும். பிழைகள் இருந்தாலும் அதற்கே மதிப்பெண் போடுங்கள்.