உடலை இயந்திரமாக வரைந்தவர்கள்: கேள்வி பதில்

கே: மூளைக்குள் ஆபீஸ், உணவுப்பாதையில் தொழிலாளர்கள் என்று ஒரு பழைய படம் பார்த்தேன். யாருடையது?

ப: ஃப்ரிட்ஸ் கான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1926-ல் வெளியிட்ட சுவரொட்டி. யோசனை அவருடையது, வரைந்தவர் வேறொரு ஓவியர். மூளையில் மேஜை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், கண்ணுக்குப் பதில் கேமரா இருக்கும். அன்றைய ஜெர்மன் ஆலையையே உடலுக்குள் குடியேற்றிவிட்டார். கான் யூதர். நாஜிகள் அவர் புத்தகங்களை எரித்தார்கள். நாடு நாடாக அலைந்து 1941-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

கே: உடலை இயந்திரம் என்று முதலில் சொன்னவர் பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தானே?

ப: முதல் ஆள் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் தலை முதல் கால் வரை அப்படியே விளக்கிப் பார்த்தவர் அவர்தான். அரண்மனைத் தோட்டங்களில் தண்ணீர் விசையால் சிலைகள் அசைவதைச் சொல்லி, நரம்புகளை அந்தக் குழாய்களோடு ஒப்பிட்டார். 1633-ல் திருச்சபை கலிலியோவைத் தண்டித்ததும், உடலைப் பற்றித் தான் எழுதியதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். அவர் இறந்தது 1650-ல். நூல் லத்தீனில் வந்தது 1662-ல், பிரெஞ்சில் 1664-ல். படங்களில் பெரும்பாலானவை பிறர் வரைந்தவை. ஆகவே படத்தில் ஒரு கோடு இங்கே போகிறது என்பதை வைத்து ‘தெக்கார்த் இப்படி நம்பினார்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

கே: ரத்த ஓட்டத்தை விளக்கிய ஆங்கில மருத்துவர் ஹார்வி, இதயத்தை பம்பாக வரைந்தாராமே?

ப: இல்லை. அவருடைய 1628 நூலில் இருப்பது கட்டுப் போட்ட கையின் படம். விரலால் கையின் ரத்தக் குழாயை (சிரையை) அழுத்தி நீவினால் ரத்தம் எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று அது காட்டுகிறது.

கே: இந்தப் படங்களால் மருத்துவத்துக்கு உண்மையில் பயன் உண்டா, வெறும் அலங்காரமா?

ப: இத்தாலிய அறிஞர் பொரெல்லியின் படங்களைப் பார்த்தால் பயன் உண்டு என்பதில் சந்தேகமே வராது. அவர் இறந்த மறு ஆண்டு, 1680-ல், விலங்குகளின் இயக்கம் பற்றிய அவர் நூல் வரத் தொடங்கியது. கை நீட்டிச் சுமை தாங்கும் மனிதர்கள், மூட்டுகளில் எழுத்துக் குறிகள், பக்கத்தில் கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்கள்: முழங்கையை மடக்கி உள்ளங்கையில் 5 கிலோ வைத்திருக்கிறீர்கள். சுமை மூட்டிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. புஜத் தசை எலும்பைப் பிடிப்பதோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ.-ல். அப்படியானால் தசை 35 கிலோவுக்கான விசையோடு இழுக்க வேண்டும், கையின் எடையைச் சேர்க்காமலேயே. சின்ன விசையால் பெரிய சுமையைத் தூக்கும் நெம்புகோல்தான் உடலில் இருக்கிறது என்ற பொது நம்பிக்கையை இந்தக் கணக்கு தலைகீழாக்கியது. விசையில் இழப்பதை நாம் வேகத்திலும் வீச்சிலும் திரும்பப் பெறுகிறோம். இன்றைக்கும் பிசியோதெரபி படிப்பவர்கள் போடுவது இதே கணக்கைத்தான். என்னைக் கேட்டால், கானின் சுவரொட்டியைவிட இதுவே பெரிய சாதனை. இதில் உவமையை அளந்து சரிபார்க்க முடிகிறது.

கே: நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் காட்ட ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

ப: இத்தாலிய மருத்துவர் சான்டோரியோவின் தராசு நாற்காலி. பெரிய துலாக்கோலில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எதிரே சாப்பாட்டு மேஜை. சாப்பிட்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். ஒரு நாளில் 8 பவுண்டு உள்ளே போனால், வழக்கமாக அதில் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடலிலிருந்து போய்விடுகிறது என்று 1614-ல் எழுதினார். முதலில் படத்தை மட்டும் காட்டி, ‘இவர் எதை அளக்கிறார்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அப்புறம் கணக்கைச் சொல்லுங்கள்.