ரங்கூன் படத்தில் இருப்பது லூகர் இல்லை

வணக்கம். 1945இல் ரங்கூனில் எடுத்த உங்கள் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு இளசான முகம்! மேசைமேல் கிடப்பது ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அது ‘நம்பு’ என்ற ஜப்பானியக் கைத்துப்பாக்கி, 14ஆம் வகை. மெல்லிய குழலும் சாய்ந்த பிடியும் பலரையும் ஏமாற்றிவிடும். துப்பாக்கியின் பின்பக்கத்தைப் பாருங்கள். லூகருக்கு மேலே முழங்கை போல மடங்கும் மூட்டு இருக்கும். இதில் அது கிடையாது. கடைசியில் வளையம் வளையமாக வரி வெட்டிய உருண்டைக் குமிழ்தான். விசையைச் சுற்றிய வளையமும் அகலமாக இருக்கிறது. மஞ்சூரியக் குளிரில் கையுறையோடு சுட வசதியாக 1939 வாக்கில் அதைப் பெரிதாக்கினார்கள். ஆகவே இது பிந்தைய தயாரிப்பு.

தாத்தா கையில் இருப்பது என்ஃபீல்டு ரிவால்வர். தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியலில் கட்டைவிரல் வைக்கும் கொம்பே இல்லை, கவனித்தீர்களா? டாங்கிக்குள் எதிலும் மாட்டக் கூடாதென்று 1938இல் எடுத்துவிட்டார்கள்.

மூலப் படத்தை 1200 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து போடுங்கள். நம்புவின் வலப்பக்கம் தெரிகிறது. பிடிக்கு மேலே 18.5 என்பதுபோல எண் தெரிந்தால் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 18, அதாவது 1943 மே மாதம்.