லியேஜ் ரிவால்வரை அடையாளம் காண்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய ரிவால்வர் ஒன்றின் சிலிண்டரில், முட்டை வடிவக் கோட்டுக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற எழுத்துகளும் கீழே ஒரு நட்சத்திரமும் உள்ளன. 'ஈ.எல்.ஜி. கம்பெனி தயாரிப்பு' என்று விற்பவர் சொல்கிறார். அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருந்தது?

அப்படி ஒரு கம்பெனியே இருந்ததில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பரிசோதனைக் கூடம் அடித்த முத்திரை அது. வழக்கமான அளவைவிடக் கூடுதலாக வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். பேரலும் சிலிண்டரும் பிளக்காமல், வீங்காமல் தாங்கினால் முத்திரை விழும். லியேஜ் பிரெஞ்சுப் பேரரசின் கீழ் இருந்தபோது, 1810 டிசம்பர் 14-ஆம் தேதி நெப்போலியன் அரசு போட்ட ஆணை இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பெல்ஜியம் தனி நாடான பிறகும் வழக்கம் தொடர்ந்தது.

நம்மூர் நகையில் உள்ள ஹால்மார்க்கைப் பார்த்து ஆசாரியின் பெயரைச் சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான். ஊர் தெரியும், காலம் ஓரளவு தெரியும், செய்தவர் தெரியமாட்டார். ஏலப் பட்டியல்களில்கூட இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

கேள்வி: முத்திரைகளை வைத்து எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?

ஒற்றை ஆண்டைச் சொல்வது கடினம். ஆனால் பதினைந்து, இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஒரே முத்திரையை வைத்து முடிவு கட்டாமல், எல்லா முத்திரைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த முட்டை வடிவத்தின் தலையைப் பாருங்கள். மேலே கிரீடம் இல்லாவிட்டால் 1893 ஜூலைக்கு முந்தையது, கிரீடம் இருந்தால் அதற்குப் பிந்தையது. (கிரீடத்தைப் பார்த்து 'அரச குடும்பத்துக்காகச் செய்தது' என்று விலை ஏற்றுபவர்கள் உண்டு. அதே கிரீடம் மலிவுச் சரக்கிலும் இருக்கும்.)

அடுத்து, மேடை மேல் நிற்கும் தூண் போன்ற சின்னத்தைத் தேடுங்கள். லியேஜ் சந்தைத் திடலில் நிற்கும் 'பெரோன்' தூண்தான் அது. 1853 முதல் அடிக்கப்பட்டது. பலர் இதை மெழுகுவர்த்தித் தண்டு என்றோ கோபுரம் என்றோ குறித்துவைக்கிறார்கள்.

மூன்றாவது, சோதனை அதிகாரியின் தனி எழுத்து. ஒற்றை எழுத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1853 முதல் 1877 வரை. அதே ஒற்றை எழுத்தின் மேல் நட்சத்திரம் இருந்தால் 1877-க்குப் பிறகு. காலக் கணிப்பில் அதிகம் உதவுவது இந்தக் குட்டி எழுத்துதான், பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

கிரீடம் வைத்த 'ஆர்' எழுத்து வேறு வகை. அது உட்புறம் சுருள் வரித்தடம் வெட்டிய குழலை, அதாவது பேரலைக் குறிக்கும். 1894 முதல் வந்தது. சிங்கத்தின் கீழ் 'பி.வி.' என்றிருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது, 1898-க்கு முன்னால் போகாது.

ஆக, கிரீடமில்லாத முட்டை, பெரோன், நட்சத்திர எழுத்து மூன்றும் ஒன்றாக இருந்தால் 1877-க்கும் 1893-க்கும் இடைப்பட்டது. கிரீடமில்லாத முட்டையும் கிரீடம் வைத்த ஒற்றை எழுத்தும் என்றால் 1853-க்கும் 1877-க்கும் நடுவே. சிலிண்டரில் கிரீடமில்லாத முட்டையும் பேரலில் கிரீடம் வைத்த 'ஆர்' எழுத்தும் இருந்தால் சற்று நிதானியுங்கள். பின்னாளில் பேரல் மாற்றியிருக்கலாம், அல்லது இரண்டு துப்பாக்கிகளை ஒன்றாக்கியிருக்கலாம்.

கேள்வி: என்னிடம் உள்ளதில் 'ப்ரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி.' என்று இருக்கிறது. இது பெல்ஜியக் காப்புரிமை எண்ணா?

எண் இல்லை, பெல்ஜியமும் இல்லை. 'ப்ரெவெத்தே' என்றால் காப்புரிமை பெற்றது. பின்னால் வரும் நான்கு எழுத்துகள் 'அரசின் உத்தரவாதம் இன்றி' என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். 1844-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டப்படி, காப்புரிமை பெற்றதாக விளம்பரம் செய்தவர் இந்தத் தொடரையும் சேர்த்தே போட வேண்டியிருந்தது. பொருளை ஆராய்ந்து பார்த்து அரசு சான்று தரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆகவே இந்தச் சுருக்கம் இருந்தால் உரிமை பிரான்சில் பெறப்பட்டது. லியேஜில் செய்து பாரிஸ் கடைக்குப் போன சரக்கிலும் இது இருக்கலாம் என்பதால், பக்கத்தில் முட்டை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ஜியத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1854 மே 24-ஆம் தேதி வந்த அது, 20 ஆண்டு உரிமை கொடுத்தது. முதல் ஆண்டுக் கட்டணம் 10 பிராங்க், பிறகு ஆண்டுக்கு 10 பிராங்க் ஏறும். இருபதாம் ஆண்டில் 200 பிராங்க். கட்டணம் நின்றால் உரிமையும் போய்விடும், அதன்பின் அதே அமைப்பை யாரும் செய்யலாம். எனவே காப்புரிமைத் தேதி உங்களுக்குக் கீழ் எல்லையை மட்டுமே தரும். அந்தத் தேதிக்கு முன்னால் துப்பாக்கி பிறந்திருக்காது. எவ்வளவு பின்னால் பிறந்தது என்பதை முத்திரைகள்தான் சொல்ல வேண்டும். பதிவு செய்த வணிகச் சின்னம் என்ற பொருளில் 'தெபோசே' என்ற சொல்லும் சிலவற்றில் இருக்கும். பெல்ஜியத்தின் வணிகச் சின்னச் சட்டம் 1879 ஏப்ரல் 1-ஆம் தேதியுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: பேரல் மேல் 'கோல்ட் ப்ரெவெத்தே' என்று வெட்டியிருக்கிறது. அசல் கோல்ட்டா, போலியா?

இரண்டும் இல்லை, இடைப்பட்ட இனம். அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் தன் அமைப்பைச் செய்துகொள்ள லியேஜ் தயாரிப்பாளர்கள் சிலருக்கு 1850-களில் உரிமம் கொடுத்தார். இவை பெரும்பாலும் 1851 நேவி மாதிரியைப் பின்பற்றியவை. அசல் அமெரிக்கத் தயாரிப்பு என்றால் பேரலின் மேல்பக்கத்தில் கோல்ட்டின் முகவரி இருக்கும். லியேஜ் முட்டை இருக்காது. லண்டனில் செய்ததானால் லண்டன் பரிசோதனைக் கூடத்தின் கிரீட முத்திரைகள் இருக்கும். உங்களுடையதில் சிலிண்டரில் லியேஜ் முத்திரை இருந்து, சட்டகத்தில் கொடிவேலைச் செதுக்கலும் இருந்தால் அது லியேஜ் பிறப்புதான். உரிமம் இல்லாமல் இதே பெயரைப் போட்டவர்களும் உண்டு என்பதால், வெட்டிய எழுத்தை மட்டும் நம்பி 'உரிமம் பெற்றது' என்று எழுதிவிடாதீர்கள்.

ராபர்ட் ஆடம்ஸ் விஷயமும் இதே கதைதான். 1851-இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற அவருடைய ரிவால்வரை லியேஜில் பிராங்கொத் நிறுவனத்தார் உரிமம் பெற்றுச் செய்தார்கள். துப்பாக்கியில் ஆடம்ஸ் பெயர் இருக்கும், கிரீடம் வைத்த 'ஏ.எஃப்.' சின்னமும் இருக்கும். முதலாவது கண்டுபிடித்தவர், இரண்டாவது செய்தவர். இங்கே ஒரு சூத்திரம் கைகொடுக்கும்: கிரீடத்தின் கீழ் ஒற்றை எழுத்து என்றால் பெரும்பாலும் சோதனை அதிகாரி, இரண்டு எழுத்து என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளர். மூன்று எழுத்துச் சின்னங்களில் 'எச்.டி.எச்.' எளிதாக அகப்படும். ஆன்றியோன், தாஸி, ஹாய்ஷன் என்ற மூவர் கூட்டு நிறுவனம் அது.

கேள்வி: எழுத்தே இல்லை. முட்டை முத்திரை மட்டும்தான். இனி என்ன செய்வது?

எழுத்து இல்லாவிட்டால் இயந்திரத்தைப் படியுங்கள். சொல்லப்போனால் எழுத்தைவிட அது நம்பகமானது.

தோட்டாவை வெளியேற்றும் விதத்தில் தொடங்குங்கள். ட்ரிகர் காப்பு வளையமே ஒரு நெம்புகோலாக முன்னோக்கி மடங்கி, பேரலும் சிலிண்டரும் ஒன்றாக முன்னே நகர்ந்து, காலித் தோட்டாக்கள் உதிர்ந்தால் கலான் அமைப்பு, 1868. சார்ல்-பிரான்சுவா கலான் லியேஜிலும் பாரிசிலும் தொழில் நடத்தியவர். இதே அமைப்பு பர்மிங்காமில் சோமர்வில் பெயரோடு சேர்ந்து வந்தது. பேரல் மேல்பக்கக் கீலில் அண்ணாந்து திறந்து, பேரலுக்கு அடியிலுள்ள குமிழைத் தட்டினால் தோட்டா வெளியேறுமானால் ஸ்பிர்லே அமைப்பு, 1870.

தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்துவிட்டு ட்ரிகரை மெல்ல இழுங்கள் (சிலிண்டர் காலி என்பதை உறுதி செய்த பிறகு). சிலிண்டர் மட்டும் சுற்றி, சுத்தி (தோட்டாவை அடிக்கும் பாகம்) அசையாமல் நின்றால் அது அபாதி கதவு. பக்கத் தகட்டின் உள்ளே உள்ள விசை அமைப்பு ஷமெலோ–டெல்வீன் வகையாக இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் 1872 மாதிரியும் பிரான்சின் 1873 மாதிரியும் இந்த மரபில் வந்தவையே.

சிலிண்டர் அச்சுத் திசையில் முன்னே நகர்ந்து பேரலின் பின்முனையைக் கவ்வினால் நகான், 7.62 மில்லிமீட்டர், 7 தோட்டா, ரஷ்யாவின் 1895 மாதிரி. அதன் தொடக்ககாலத் தயாரிப்பு லியேஜில். 1898-லிருந்து துலா நகரத் தொழிற்சாலை செய்தது. லியேஜ் நகான்களில் லியோன் நகானின் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். அதற்கு முந்தைய மாதிரிகளில் எமில், லியோன் என்று சகோதரர் இருவர் பெயரும் சேர்ந்து வரும்.

பின்ஃபயர் வகை, அதாவது தோட்டாவின் பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால், அடிப்படை லெஃபோஷே. எஜேன் லெஃபோஷேயின் ரிவால்வர் காப்புரிமை 1854 ஏப்ரல் 15. பிரெஞ்சுக் கடற்படை 1858-இல் ஏற்றது. அவருடைய சொந்தத் தயாரிப்பில் 'எல்.எஃப்.' என்ற எழுத்தோடு வரிசை எண் இருக்கும். 7, 9, 12 மில்லிமீட்டர்களில் லியேஜ் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியதில் அது இருக்காது.

ஒரே துப்பாக்கியில் ஒருவருடைய கதவு, இன்னொருவருடைய விசை, மூன்றாமவருடைய சட்டகம் சேர்ந்திருப்பது லியேஜில் சாதாரணம். 'அபாதி ரிவால்வர்' என்று மொட்டையாக எழுதாமல் 'அபாதி கதவு கொண்ட, தயாரிப்பாளர் பெயரற்ற லியேஜ் ரிவால்வர்' என்று எழுதுவதே சரி.

கேள்வி: 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் பெல்ஜியம் என்கிறார்களே?

பிரிட்டனின் வெப்லி நிறுவனம் 1872-இல் அந்தப் பெயரில் குட்டை பேரல் ரிவால்வரை விற்கத் தொடங்கியதும், லியேஜ் அதை ஏராளமாக நகலெடுத்தது. பெயர் ஆங்கிலம், முட்டை முத்திரை லியேஜ் என்றால் பிறப்பு லியேஜ்தான். 'இங்கிலாந்துத் தயாரிப்பு அல்ல' என்ற ஆங்கிலத் தொடர் தனியாக அடிக்கப்பட்டிருந்தால், அது 1925 விதிகளுக்குப் பிறகு பிரிட்டனில் மறுசோதனைக்குப் போய் வந்தது. அந்த அடியை வைத்துத் துப்பாக்கியின் வயதைக் கணக்கிடக் கூடாது. லியேஜ் முத்திரையே இல்லாத நகல் என்றால் ஸ்பெயினின் ஐபார் நகரைச் சந்தேகியுங்கள். அங்கே பரிசோதனை 1923-இல்தான் கட்டாயமானது.

கேள்வி: ஒவ்வொரு பாகத்திலும் '47' என்று இருக்கிறது. 47-ஆவது துப்பாக்கி என்று கொள்ளலாமா?

வேண்டாம். லியேஜில் குழல் ஒரு வீட்டில், விசை இன்னொரு வீட்டில், மரப்பிடி வேறொரு வீட்டில் எனச் செய்து, கடைசியில் ஓரிடத்தில் ராவிப் பொருத்தினார்கள். ராவிப் பொருத்திய பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிவிடாமலிருக்க அடித்த கூட்டு எண் அது. இதற்கும் ஒரு பயன் உண்டு: பேரல், சிலிண்டர், பக்கத் தகடு, ட்ரிகர் காப்பு எல்லாவற்றிலும் 47 என்றால் துப்பாக்கி கலப்படமில்லாதது. ஒன்றில் மட்டும் 12 என்றால் அந்தப் பாகம் வேறிடத்திலிருந்து வந்தது. மரப்பிடியின் உட்புறத்தையும் பாருங்கள், அங்கே எண் இருக்கக்கூடும்.

கேள்வி: துருவுக்கு அடியில் முத்திரை மங்கலாகத் தெரிகிறது. எமரித் தாள் போடலாமா?

கூடவே கூடாது. எமரி, கம்பிப் பிரஷ், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். முத்திரையின் ஆழம் மிகக் குறைவு. தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

எதற்கும் முன்னால் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறைக்குள்ளும் மெல்லிய மரக்குச்சியை விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்து, அதே அளவைச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓர் அறையில் மட்டும் குச்சி முன்னதாகவே நின்றால் உள்ளே குண்டு இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். கருமருந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் பற்றும்.

பிறகு துரு இளக்கும் எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் தங்கிய அழுக்கை மூங்கில் பல்குச்சியால் எடுக்கலாம். எண்ணெய் காய்ந்ததும் முகப்பவுடரை விரலால் தேய்த்து, மேல்பரப்பை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்தது போலச் சாய்த்துப் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் தனித்தனியாகப் படம் எடுங்கள். ஒரு திசையில் 'எஃப்' ஆகத் தெரிந்தது அடுத்த திசையில் 'ஈ' ஆகும். பத்து மடங்கு உருப்பெருக்கி போதும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சிலிண்டரின் முன்முகமும் பின்முகமும், பேரலின் அடிப்புறம், சட்டகத்தின் இடப்பக்கம், மரப்பிடிக்கு அடியில். பிடியைக் கழற்றும்போது பள்ளத்தின் முழு அகலத்துக்கும் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பொருந்தாததைப் போட்டு அழுத்தினால் திருகின் தலை உடையும், மதிப்பும் அதோடு போகும்.

கேள்வி: நூறு ஆண்டு பழையது என்றால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்தானே?

இந்தியாவில் வயது மட்டும் போதாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான். உங்கள் ரிவால்வரில் சுத்தி விழுகிறது, சிலிண்டர் சுற்றுகிறது என்றால் அந்த விலக்கை நீங்களாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்திரைகளின் படங்களோடு மாவட்டத்தின் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.