எழுத்தைப் பேச வைக்கும் மென்பொருள்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, என்னுடையது பழைய லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தமிழை வாசிக்க எதை நிறுவலாம்?

பதில்: ஈஸ்பீக் என்ஜி. சில எம்பிதான், தமிழ் அதற்குள்ளேயே இருக்கிறது. மனிதர் பேசிய சொற்பதிவுகளை ஒட்டாமல் பெரும்பாலும் ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குவதால் ரோபோ பேசுவது மாதிரி இருக்கும். முகம் சுளிக்காதீர்கள். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானோடு வருவதும் இதுதான். வேகத்தை நன்றாகக் கூட்டி வைத்துக் கேட்பவர்கள் ஏராளம்.

கேள்வி: எழுத்தைப் பேச்சாக்கும் மெட்டாவின் எம்எம்எஸ் ஏஐ மாடலில் தமிழ்க் குரல் நன்றாக இருக்கிறது. எங்கள் கடைச் செயலியில் போடலாமா சார்?

பதில்: கூடாது. 2023-ல் வந்த மாடல், 1,100-க்கு மேல் மொழிகள், எல்லாம் சரி. ஆனால் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கவில்லை. இலவசமாக இறக்கிக்கொள்ள முடிந்தால் ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடுகிறோம். கோக்கி நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்டிடிஎஸ் குரல் மாடலிலும் இதே சிக்கல்: நிரலுக்கு ஓர் உரிமம், மாடலுக்கு வணிகத்தைத் தடுக்கும் வேறு உரிமம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவுடைய இண்டிக் பார்லர் குரல் மாடல், வணிகத்தையும் அனுமதிக்கும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் கனமான மாடல், சர்வரில் வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: 'பஸ்' என்று கொடுத்தால் ஆங்கில b ஒலிக்குப் பதில் 'பாட்டு'க்கு வரும் ப-வையே ஒலிக்கிறதே?

பதில்: பாவம், அது என்ன செய்யும்! 'பாம்பு' என்பதில் இரண்டு ப, இரண்டும் வேறு ஒலி. மகரமெய்க்குப் பின்னால் வந்தால் ஒலி மாறும் என்று விதி எழுதிவிடலாம். கடன் சொல் எந்த விதிக்கும் அடங்காது. மேலே நான் எழுதிய 'பாவம்' இன்னும் மோசம்: செய்த பாவமும் பரதநாட்டிய பாவமும் ஒலியில் வேறு, எழுத்தில் ஒன்றே. ஈஸ்பீக்கில் விதிவிலக்குச் சொற்களுக்கென்றே 'டிஏ_லிஸ்ட்' (ta_list) என்றொரு கோப்பு உண்டு. சொல்லையும் அதன் ஒலியையும் ஒரு வரியில் சேர்த்து மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும்படி மறுபடி கம்பைல் செய்யுங்கள். எம்எம்எஸ் போல எழுத்தை அப்படியே வாங்கும் மாடல்களில் இந்த வழி இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டு ஏமாற்றலாம் என்றால், அந்த b ஒலிக்குத் தமிழில் தனி எழுத்தே இல்லையே!

கேள்வி: 'ரூ.250' வந்தால் உளறுகிறது. வேறு மாடலுக்கு மாறவா?

பதில்: வேண்டாம். எண்ணை மாடலிடம் விடாமல் நீங்களே சொல்லாக மாற்றி அனுப்புங்கள். 200 மட்டும் என்றால் 'இருநூறு', பின்னால் எண் வந்தால் 'இருநூற்று ஐம்பது'. அப்புறம் போன் நம்பர், ஓடிபி எல்லாம் ஒவ்வோர் இலக்கமாக. ஆறு இலக்க ஓடிபியை 'நான்கு லட்சத்து...' என்று வாசிக்கவிட்டு மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.