வேதம் விளங்கவில்லை என்றால் நான் குருடனா?

கேள்வி: ஆண்டுதோறும் வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கிறேன். மனதில் எதுவும் நிற்பதில்லை. ஜென்மசுபாவமான (தேவ ஆவியைப் பெறாத) மனுஷன் ஆவிக்குரியவைகளை அறியமாட்டான் என்று 1 கொரிந்தியர் 2:14 சொல்கிறதே, நானும் ஆவிக்குரிய குருடன்தானா?

பதில்: விளங்கவில்லையே என்று வருந்துகிறவரைக் குருடர் என்று வேதம் சொல்வதில்லை. யோவான் 9:41ல் யூத மதக் குழுவினரான பரிசேயரை இயேசு கண்டித்தது, ஒன்றும் காணாமலே "காண்கிறோம்" என்று அவர்கள் சாதித்ததற்காக. அவர்களோ வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். லவோதிக்கேயா சபைக்கும் இதே நோய்தான், தான் குருடு என்பதே அதற்குத் தெரியவில்லை (வெளிப்படுத்தின விசேஷம் 3:17). நீங்கள் காட்டிய வசனத்தை 1:18 முதல் சேர்த்து வாசியுங்கள். சிலுவையின் உபதேசத்தைப் பைத்தியம் என்று தள்ளுகிறவனைப் பற்றியே அந்த நிருபத்தை எழுதிய பவுல் பேசுகிறார். பலி, சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் திணறுகிற விசுவாசி அங்கே பேச்சிலேயே இல்லை. பவுலின் நிருபங்களில் அறிவதற்கு அரிதானவை உண்டு என்று பேதுருவே ஒப்புக்கொள்கிறார் (2 பேதுரு 3:16).

சீஷர்களுக்கே பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாற்கு 8:18ல், கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று இயேசு அவர்களைக் கேட்கிறார். அடுத்து பெத்சாயிதா குருடன் வருகிறான். முதல் முறை தொட்டதும் மனிதர் அவனுக்கு நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள். மறுபடியும் தொட்ட பிறகே தெளிவாகக் காண்கிறான். உடனே பேதுரு, "நீர் கிறிஸ்து" என்கிறார் (8:29). ஆனால் இயேசு தாம் படப்போகும் பாடுகளைப் பற்றிச் சொன்னதும் பேதுரு அவரையே கடிந்துகொள்கிறார். பேதுருவுக்கு வந்தது பாதிப் பார்வை! அதன்பின் 9:31, 10:33 என இன்னும் இரண்டு முறை தம் மரணத்தை இயேசு முன்னறிவிக்கிறார். ஒவ்வொரு முறையும் சீஷர்கள் யார் பெரியவன், யாருக்கு எந்த ஆசனம் என்றே பேசுகிறார்கள். 10:46-52ல் பர்திமேயு என்ற குருடன் பார்வையடைவதோடு இந்தப் பகுதி முடிகிறது. இரண்டு குருடர்களுக்கு நடுவே சீஷர்களின் குருட்டுத்தன்மையை மாற்கு வைத்திருக்கிறார். ஒரு நாளுக்கு இத்தனை அதிகாரம் என்று கணக்கு முடிக்க ஓடுகிறவரின் கண்ணில் இது படாது. உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். 16 அதிகாரமுள்ள மாற்குவையே எடுங்கள். என் கண்களைத் திறந்தருளும் என்ற சங்கீதம் 119:18ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு, ஒரு சம்பவத்தை மட்டும் மூன்று முறை வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். "ஆகையால்", "ஏனெனில்" கண்ணில் பட்டால் முந்தைய வசனத்துக்குத் திரும்புங்கள். தனி வசனத்தைப் பிய்த்தெடுப்பதுதான் பெரிய ஆபத்து. தேவன் நம்மைக் குறித்து வைத்திருப்பது சமாதானத்துக்கான நினைவுகள் என்கிற எரேமியா 29:11ஐ உடனடி ஆசீர்வாதமாகப் பிடித்துக்கொள்கிறோம். முந்தைய வசனமோ பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. கடைசியாக, வாசித்ததில் அன்றைக்கே கீழ்ப்படிய வேண்டியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். செய்ய மனதுள்ளவனே அறிந்துகொள்வான் என்கிறது யோவான் 7:17.

கேள்வி: ஏசாயா 6:10ன்படி தேவனே கண்களை மூடினால், மனிதன்மேல் குற்றம் எப்படி?

பதில்: அதே வசனத்தை மத்தேயு 13:15ல் இயேசு எடுத்துச் சொல்லும்போது, "தங்கள் கண்களை மூடிக்கொண்டார்கள்" என்கிறார். எகிப்தின் ராஜாவான பார்வோனின் வரலாறும் இப்படியே. அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று யாத்திராகமம் 4:21லேயே தேவன் சொல்லியிருந்தாலும், வாதைகளாக வந்த தவளைகளும் வண்டுகளும் நீங்கியபோது அவன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் (8:15, 8:32). கர்த்தர் கடினப்படுத்தினார் என்று கொப்புளங்களின்போது வாசிக்கிறோம் (9:12). தள்ளிக்கொண்டே இருந்தவனை அவன் வழியிலேயே விடுவது நியாயத்தீர்ப்பு. தெரிந்துகொள்ளுதலை, அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் முன்னமே தெரிந்தெடுப்பதைப் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கர்த்தரிடத்தில் திரும்பும்போது இருதயத்தை மூடிய முக்காடு எடுபட்டுப்போகும் என்ற வாக்கு (2 கொரி. 3:16) எல்லாருக்கும் பொது.

கேள்வி: ஆவியானவரே போதிக்கிறார் (1 யோவான் 2:27). பிறகு விளக்கவுரை எதற்கு?

பதில்: அதற்கு முந்தைய வசனத்தையும் பாருங்கள். வஞ்சிக்கிறவர்களுக்கு எதிரான எச்சரிப்பு அது. போதகரே வேண்டாம் என்று யோவான் சொல்லவில்லை. ஏசாயா 53ஐ வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்புவை அனுப்பியதே ஆவியானவர்தான் (அப்போஸ்தலர் 8:29). முதலில் உங்கள் குறிப்பை எழுதி முடியுங்கள், பிறகு விளக்கவுரையைத் திறங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (அப். 17:11). எந்த விளக்கம் வசனத்தின் சூழலோடு பொருந்தவில்லையோ, எழுதியவர் எவ்வளவு பெரியவரானாலும் அதை ஒதுக்கி வையுங்கள்.