மின்சாரக் காருக்குச் சொல்லும் ரேஞ்ச் சாலையில் ஏன் கிடைப்பதில்லை?

ரேஞ்ச் என்பது ஒரு முழு சார்ஜில் கார் ஓடும் தூரம். 2020-இல் வந்த டாடா நெக்ஸான் இவியை எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் 30.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும், விற்பனைக்கு முன் நடக்கும் சோதனையின் சான்றிதழில் ரேஞ்ச் 312 கிலோமீட்டர். அதாவது யூனிட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலையில் பலருக்குக் கிடைத்தது 200-ஐ ஒட்டித்தான்.

சான்றிதழ் எண்ணும் அளந்து எடுத்ததுதான். ஆனால் அந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளைகள் மேல் நடக்கிறது. சராசரி வேகம் குறைவு, ஏசி ஓடாது.

நெடுஞ்சாலையில் பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. சைக்கிளை மெல்ல மிதிக்கும்போது காற்றே தெரியாது. வேகம் கூட்டிப் பாருங்கள், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். 100-இல் போகிறவர் 80-க்கு இறங்கினாலே காற்றெதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

சரி, ஊருக்குள்? அங்கே வேகம் குறைவு. அப்புறம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. அதனால்தான் பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, மின்சாரக் கார் நெடுஞ்சாலையைவிட நகரத்தில் நன்றாக ஓடுகிறது. நெடும்பயணத்துக்குச் சான்றிதழ் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டமிடுவதே என் யோசனை.

ஏசிதான் ரேஞ்சைத் தின்கிறது என்று நினைத்துப் பலர் வியர்க்க வியர்க்க ஓட்டுகிறார்கள். ஏசி பொதுவாக ஒன்றிரண்டு கிலோவாட்தான் எடுக்கும், 100 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் கேட்பது அதைப்போலப் பல மடங்கு.