கேளுங்கள் அக்காவை: பனிப்புயலில் கேஸ் லாரி

கேள்வி: நான் 22 வருஷமா கேஸ் டேங்கர் ஓட்டுறேன். அமெரிக்காவுல பனிப்புயல் வந்தா, கேஸ், ஹீட்டிங் ஆயில் ஏத்துற வண்டிகளுக்கு டிரைவர் ஓட்டுற நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திடறாங்கன்னு படிச்சேன். ரோடு வழுக்குற நேரத்துலதானே டிரைவர் நல்லாத் தூங்கி எழுந்து ஓட்டணும்? இது தலைகீழா இல்லையா அக்கா?
– டேங்கர் ஓட்டுநர், நாமக்கல்

தம்பி, என் அப்பாவும் உங்கள் ஊரில் டேங்கர் ஓட்டியவர்தான். மங்களூர் லோடுக்குப் போய்விட்டு வந்தால், "ஓட்டினது ஒரு ராத்திரி, வரிசையில நின்னது ரெண்டு நாள்" என்பார். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு டூட்டி ஏறினால், 11 மணி நேரம்தான் ஸ்டியரிங் பிடிக்கலாம். அதோடு விடவில்லை. டூட்டி ஏறிய நிமிஷத்திலிருந்து 14 மணி நேரக் கணக்கு ஒன்று தனியாக ஓடும். சாப்பிட உட்கார்ந்தாலும், லோடுக்குக் காத்து நின்றாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். 14 முடிந்துவிட்டால், மூன்று மணி நேரமே ஓட்டியிருந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. 8 நாளில் மொத்த டூட்டி 70 மணி நேரம் என்ற கணக்கு அதற்கும் மேல்.

2013–14 குளிர்காலத்தில் தெற்கு மினசோட்டாவில் ஒரு புரொப்பேன் கேஸ் கம்பெனியில் எனக்கு டிஸ்பாட்ச் வேலை. எந்த வண்டி எங்கே போகணும் என்று போனிலேயே விரட்டுகிற உத்தியோகம். அந்த வருஷம் எல்லாக் கஷ்டமும் பேசிவைத்துக்கொண்டு வந்தது. மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடையானதால், அதை உலர்த்துவதற்கே விவசாயிகள் கேஸை இழுத்துவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து எங்களுக்குக் கேஸ் கொண்டுவந்த கொச்சின் குழாய்ப்பாதையை வேலைக்காக நிறுத்தினார்கள். ஜனவரியில் ஆர்க்டிக் குளிர் இறங்கியது. 6-ஆம் தேதி மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூட உத்தரவிட்டார் கவர்னர் மார்க் டேட்டன். மாதக் கடைசியில் கான்வேயில் மொத்த விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது.

கான்வே என்பது கன்சாஸ் மாநிலத்தில் தரைக்கடியில் கேஸைச் சேமித்து வைக்கிற இடம். பக்கத்து டெர்மினல்களில் சரக்கு இல்லாததால் எங்கள் வண்டிகளை அங்கே அனுப்பினோம். ஏறக்குறைய 600 மைல். பனி ரோட்டில் மணிக்கு 55 மைல் போனாலே கெட்டிக்காரத்தனம். கணக்குப் போடுங்கள்: போய்ச் சேரும்போதே 11 மணி நேரமும் காலி. பத்து மணி நேரம் தூங்கி எழுந்து வரிசையில் நின்றால், அதிலேயே எட்டு மணி நேரம் போய்விடும். 14-இல் மிச்சம் ஆறு. லோடோடு பாதி வழியில் மறுபடி படுக்க வேண்டும். இங்கே வீடுகளில் ஹீட்டருக்கான கேஸ் டேங்கின் அளவு முள் 10 சதவீதத்தில் நிற்கிறது, வெளியே மைனஸ் 30.

திடீர்ப் பனிக்கு 2 மணி நேரம் கூடுதலாக ஓட்டலாம் என்று ஒரு விதி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கிளம்பும்போதே தெரிந்த புயலுக்கு அது செல்லாது. ஆகவே அந்த ஜனவரியில் எங்களுக்குக் கிடைத்த தளர்வு, முக்கியமாக, வரிசை தின்ற மணி நேரத்தைத்தான் திருப்பிக் கொடுத்தது. 11 மணி நேர வரம்பும் சேர்ந்துதான் போகிறது, அதை நான் மறைக்கவில்லை. உங்கள் பயம் அந்த இடத்தில் நியாயம்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மணி இருக்கும். கான்வேயிலிருந்து 9,000 கேலன் லோடோடு வந்துகொண்டிருந்த டிரைவர் ஐயோவா மாநிலத்தில் ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார். அறுபதைத் தொட்ட மனிதர், அதிகம் பேச மாட்டார். "ரோட்டுக் கோட்டைப் பார்த்தால் ரெண்டு கோடாகத் தெரிகிறது" என்றார். என் முன்னால் காத்திருக்கும் வீடுகளின் பட்டியல். முதலாளி கிளம்பும்போது "தளர்வுதான் வந்தாச்சே, யாரையும் நிக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும், "இன்னும் 140 மைல்தானே" என்றேன். போனில் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், "நான் படுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். லோடு மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் இரண்டு வீட்டில் ஹீட்டர் அணைந்து, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதலாளியிடம் எனக்கு நல்ல வசவு. அந்த "140 மைல்தானே" இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, தம்பி. டேங்கர்காரர் மகள் சொல்கிற பேச்சா அது?

அவர் பக்கம்தான் சட்டமும் இருந்தது. எனக்கு ஓய்வு வேண்டும் என்று டிரைவர் சொன்னால் 10 மணி நேரம் விட்டாக வேண்டும் என்பது இந்தத் தளர்வோடு சேர்ந்தே வருகிற நிபந்தனை. களைத்த டிரைவர் ஓட்டக் கூடாது, கம்பெனியும் ஓட்டவைக்கக் கூடாது என்ற விதி, இப்போது கவர்னர் தருகிற தளர்வில் அப்படியே நிற்கிறது. ஆனால் அதைச் சொல்லத் தைரியம் வர, அறுபது வயதும் அந்த மனிதரின் பிடிவாதமும் வேண்டியிருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்த பையன் என்றால் ஓட்டிக்கொண்டு வந்திருப்பான்.

கேள்வி: இந்தத் தளர்வை யார் அறிவிப்பார்கள்? அதைச் சாக்காக வைத்து வருஷம் முழுக்க ஓட்ட மாட்டார்களா?
– வாசகர், ஈரோடு

ஜனாதிபதி அறிவிக்கலாம், மாநில கவர்னர் அறிவிக்கலாம், சரக்கு வண்டிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ அறிவிக்கலாம். முன்பு யார் அறிவித்தாலும் 30 நாள் வரை கிடைத்தது. 2023 டிசம்பரிலிருந்து கவர்னர், எஃப்எம்சிஎஸ்ஏ அறிவிப்புகளுக்கு 14 நாள்தான். அதுவும் நேர வரம்புக்கு மட்டும். ஜனாதிபதி அறிவித்தால் பழைய 30 நாள். வீட்டுக் கேஸ், ஹீட்டிங் ஆயில் தட்டுப்பாட்டில் கவர்னர் நீட்டித்துக் கொடுக்க 2014-இலேயே, எங்கள் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, தனிச்சட்டம் போட்டார்கள். லைசென்ஸ், போதை சோதனை, இன்ஷூரன்ஸ், அபாயச் சரக்கு விதிகள் எதுவும் எப்போதும் தளராது. நாலு கேஸ் சிலிண்டரைப் பேருக்கு ஏற்றிக்கொண்டு மீதி முழுக்கச் சோபா ஏற்றிப்போனாலும் செல்லாது. செய்து பார்த்தவர்கள் இருந்ததால்தான் அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

2023-இல் குறைத்தது சரி என்பது என் கட்சி. பழைய சகாக்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கேள்வி: என் மகள் மினசோட்டாவில் கிராமப்புறத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். தோட்டத்தில் 500 கேலன் கேஸ் டேங்க் இருக்கிறதாம். குளிர்காலத்துக்கு என்ன செய்து வைக்கச் சொல்லட்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

500 கேலன் டேங்கில் 400 கேலன்தான் நிரப்புவார்கள் அம்மா, 80 சதவீதம். கேஸ் விரிவதற்கு இடம் விட வேண்டும். டேங்கின் மேல் ஒரு மூடி, அதைத் தூக்கினால் சதவீத முள். முள் 30-க்கு வரும்போதே போன் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பெனியே கணக்கு வைத்து வந்து நிரப்பும் திட்டத்தில் சேர்ந்துவிடுவது நல்லது.

தீர்ந்துபோக மட்டும் விடக் கூடாது. காலியான டேங்கில் கேஸ் ஊற்றிவிட்டு டிரைவர் அப்படியே போய்விட முடியாது. வீட்டுக்குள் வந்து, குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதித்து, அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் பற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரமும் மேலே சொன்ன 14-இல்தான் கழியும்.

அப்புறம் பனி. ரோட்டிலிருந்து டேங்க் வரை ஆள் நடக்கும் அகலத்துக்குப் பனியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். டிரைவர் நூறு அடிக்குமேல் ஹோஸை இழுத்துக்கொண்டு வருவார். இடுப்பளவு பனியில் வெள்ளை டேங்க் எங்கே என்று ராத்திரியில் ஷவலால் குத்திக் குத்தித் தேடிய கதைகள் என்னிடம் நிறைய உண்டு. முதல் பனி விழுவதற்குள், மூடி இருக்கும் பக்கமாக ஆளுயரத்துக்கு ஒரு கம்பை நட்டு, ஆரஞ்சுத் துணி ஏதாவது கட்டிவிட்டால் போதும். பழைய துப்பட்டாகூடச் சரிதான்.